மகளின் இனிஷியல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். வாரப் பத்திரிகைகளில் வரும் கதைகளை வாசித்திருக்கிறேனே தவிர, பென்ஷன் ஆபீசுக்கு மனு எழுதியதைத் தாண்டி எதையும் எழுதியதில்லை. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவே எனக்குக் கூச்சம். அப்படிப்பட்டவள் சட்டப் படிப்பைப் பற்றியும், கண்ணால் பார்க்காத ஒரு நாட்டில் நடந்ததைப் பற்றியும் எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். சட்டம் தெரிந்தவர்கள் வாசித்தால் பிழைகள் தென்படலாம், பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்தது மகள் சொன்னதும், நான் இங்கே உட்கார்ந்தபடி பார்த்ததும் மட்டும்தான். சாயந்திர நேரம் இப்போது எனக்குச் சும்மா கிடக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

பெயர் எதையும் எழுதவில்லை. அதில் ஒரு பெயரை எழுத எனக்குக் கை வராது. ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எழுதினால் நன்றாக இருக்காது என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

நான் இருப்பது ராஜபாளையத்தில். மகளின் அப்பா ராணுவத்தில் இருந்தார். லீவுக்கு வருவார், போவார். பணி முடிந்து வந்த பிறகு ஒரு ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு இருந்தார். மகள் சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கும்போது ஒரு நாள் வேலைக்குக் கிளம்பியவர், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. கணக்குப் பார்த்தால் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் சேர்ந்தாற்போல் இருந்தது கொஞ்ச காலம்தான்.

அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் என் வயதுப் பெண்கள் யாருமே அப்படிக் கூப்பிடுவதில்லை. நேரில் "இங்கேருங்க" என்பேன். மற்றவர்களிடம் சொல்லும்போது "அவ அப்பா". அவ்வளவுதான். அவர் போன பிறகும் அப்படித்தான். பென்ஷனுக்காக வருஷா வருஷம் உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட பேங்குக்குப் போவேன். கணவர் பெயர் என்ன என்று கேட்டால் பாஸ்புக்கைத் தள்ளி வைப்பேன். ஓட்டுப் போடப் போனால் அங்கே இருப்பவரே என் பெயரையும் அவர் பெயரையும் சேர்த்து வாசிப்பார். தலையை ஆட்டினால் போதும். அவர் பெயரைச் சொல்ல எப்போதும் வேறு யாராவது இருந்தார்கள்.

மகள் படிப்பை முடித்து, வக்கீலாகப் பதிவு செய்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சீனியரிடம் சேர்ந்தாள். தினமும் காலையில் வெள்ளைச் சுடிதார் போட்டு, கறுப்பு அங்கியைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். வழக்கை இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போட நீதிபதியிடம் கேட்பதற்கு வாய்தா என்று பேர். அந்த இரண்டு வருஷத்தில் அவள் அதிகம் செய்தது அதுதான்.

"இன்னிக்கு என்னட்டி செஞ்ச?" என்று கேட்பேன்.

"வாய்தா வாங்கினேன்."

"நேத்து?"

"நேத்தும் வாய்தாதான்."

"அப்ப கேஸு எப்பத்தான் நடக்கும்?"

"நடக்கும்மா. அத நடத்துறதுக்குத்தான் சீனியர் இருக்காரே. நான் தள்ளிவைக்கத்தான்."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அந்தச் சிரிப்பு மாசத்துக்கு மாசம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள், கனடாவுக்குப் போய் ஒரு வருஷம் மேற்படிப்புப் படித்து அங்கேயே வக்கீலாகப் போகிறேன் என்றாள். எப்படிப் போனாள், அதற்காக எதையெல்லாம் கொடுத்தோம் என்பது இங்கே வேண்டாம். போனாள்.

இங்கே வாங்கிய வக்கீல் பட்டம் அங்கே அப்படியே செல்லாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அங்கே ஒரு குழு இருக்கிறதாம். வெளிநாட்டில் சட்டம் படித்து வந்தவர்களின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து, இன்னின்ன பாடத்தை மறுபடி எழுதித் தேறு என்று சொல்லுமாம். அதில் தேறினால் ஒரு சான்றிதழ். அது கையில் கிடைத்த பிறகுதான் ஒரு வக்கீல் ஆபீசில் பயிற்சி, கடைசிப் பரீட்சை, அங்கி எல்லாம். மதிப்பெண் பட்டியலை அவள் தன் கையால் கொடுக்கக் கூடாது. இங்கிருக்கும் பல்கலைக்கழகமே நேராக அனுப்ப வேண்டும்.

அதில்தான் சிக்கல் வந்தது. பட்டியலில் இருந்தது இனிஷியலும் அவள் பெயரும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட விடமாட்டார்கள். அதை விரித்து எழுத வேண்டும் என்றதால் அவள் அப்பாவின் முழுப் பெயர் கடைசியில் ஏறியிருந்தது. இங்கே அது புள்ளி வைத்து முடிந்துபோகும் ஒற்றை எழுத்து. விமானம் ஏறி இறங்கியதும் அது அவருடைய முழுப் பெயராகி, மகளின் பெயருக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டது.

"அம்மா, இங்க பேங்க்ல, ஆஸ்பத்திரில எல்லாம் அப்பா பேரச் சொல்லித்தான் என்னக் கூப்பிடுதாக" என்றாள் போனில். "மொத நாளு நான் திரும்பிக்கூடப் பாக்கல. அப்பாவ யாரு இங்க தேடுதான்னு இருந்துது."

"எப்படிச் சொல்லுதாக?"

"சொல்லிக் காட்டவா?"

"வேண்டாம், வேண்டாம்."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா, காதுல கேக்கக் கூடவா கூடாது?" என்று சிரித்தாள். அவர்கள் சொல்வதைப் போல நாக்கை மடித்து ஒரு தடவை சொல்லியும் காட்டினாள். யாரோ வெள்ளைக்காரர் பெயர் மாதிரி இருந்தது. ஆனாலும் எனக்கு முகம் சூடாகிவிட்டது.

இரண்டு காகிதத்திலும் இருப்பது ஒரே பெண்தான் என்று பெற்றவர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால்தான் பட்டியலை அனுப்புவோம் என்று பல்கலைக்கழகத்து ஆபீசில் சொல்லிவிட்டார்கள். பெற்றவர்களில் மீதி இருந்தது நான்தான். பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். மகளின் சீனியருடைய குமாஸ்தா, வயதான மனுஷர், என்னைக் கோர்ட்டுக்கு எதிரே ஒரு மாடியில் இருந்த நோட்டரி வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனார். சின்ன அறை. ஓரத்தில் ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே பிரிண்டர் ஓயாமல் காகிதத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது.

நோட்டரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு காகிதங்களைப் பார்த்தார். "என்னம்மா, மக வெளிநாட்டுல வக்கீலாகப் போறாளா? நம்ம ஊரு கோர்ட்டு என்ன பாவம் செஞ்சுது?" என்றார். குமாஸ்தா சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

"சரி. ரெண்டு காயிதத்துலயும் இருக்கது உங்க மகதான?"

"ஆமாய்யா."

"மார்க் ஷீட்டுல முன்னாடி ஒரு எழுத்து நிக்கே, இது யாரு பேரு?"

"அவ அப்பா பேருய்யா."

"அது எனக்கும் தெரியும். அப்பா பேரு என்ன?"

நான் வழக்கம்போல் பாஸ்போர்ட் நகலைத் தள்ளி வைத்தேன். அவர் அதைத் திருப்பி என் பக்கமே தள்ளினார்.

"இதுல இருக்கத எனக்கும் வாசிக்கத் தெரியும். இந்தப் பேரும் அந்த எழுத்தும் ஒண்ணுன்னு எதுலயும் எழுதிக் கெடக்கல. அதச் சொல்லத்தான நீங்க வந்திருக்கீக?"

குமாஸ்தா குனிந்து, "ஐயா, பொம்பளையாளுக சொல்ல மாட்டாக. எனக்குத் தெரியும், நான் சொல்லுதேன்" என்றார்.

"அப்ப நீரே கையெழுத்துப் போடும். அந்தப் பிள்ளையப் பெத்தது நீரா? சத்தியம் செய்யுதது அவுக வே. அவுக வாயால வரணும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். நான் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டேன். மேஜைமேல் இருந்த முத்திரை அச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லாத பெயரைச் சொன்னேன்.

டைப் அடித்த பெண் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, செத்த சத்தமாச் சொல்லுங்க. பிரிண்டர் எரைச்சல்ல ஒண்ணும் கேக்கல."

இரண்டாவது தடவையும் சொன்னேன்.

அவள் டக்டக்கென்று அடித்துவிட்டு, "வீட்டு விலாசம்?" என்றாள்.

கையெழுத்துப் போட்டேன். முத்திரை விழுந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே ஒருவர் கரும்புச் சாறு பிழிந்துகொண்டிருந்தார். குமாஸ்தா, "ஒரு காப்பி குடிக்கீகளாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வரும் வழியெல்லாம், பல் பிடுங்கிய இடத்துக்கே நாக்கு போவதுபோல அந்தப் பெயர் வாய்க்குள் கிடந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் சொல்லலாமா என்றுகூட இருந்தது. என்னவென்று சொல்வது? மம்சாபுரத்துக்குப் போகிற பஸ் இதுதானா என்று அந்த அம்மாள் கேட்டாள். இல்லை என்றேன். பதறி எழுந்து இறங்கிவிட்டாள்.

பட்டியல் போய்ச் சேர்ந்தது. ஐந்து பாடம் எழுத வேண்டும் என்று பதில் வந்தது.

"இங்க அஞ்சு வருஷம் படிச்சதுக்கு அங்க அஞ்சு பரீட்சையா?" என்று கேட்டேன்.

"ஆமா. வருஷத்துக்கு ஒண்ணுன்னு வச்சுக்கோ" என்றாள்.

அப்போது அவள் மேற்படிப்பை முடித்துவிட்டு, ஒரு காப்பிக் கடையில் மதியத்துக்கு மேல் வேலை பார்த்தாள். ஒரு வீட்டின் தரைக்குக் கீழே இருக்கும் அறையில் குடியிருந்தாள். காலையில்தான் படிக்க நேரம். அவளுக்குக் காலை என்றால் எனக்குச் சாயந்திரம். ஒரு நாள் போன் போட்டு, "அம்மா, நான் படிக்கேன். நீ போன வச்சிராத" என்றாள்.

"என்ன பேசணும்?"

"ஒண்ணும் பேச வேண்டாம். நீ பாட்டுக்கு உன் வேலயப் பாரு. நீ இருக்கது தெரிஞ்சாப் போதும். இங்க ரொம்ப சத்தமே இல்லாம இருக்கும்மா."

அப்படி ஆரம்பித்தது. நான் ஊறுகாய் பாட்டிலில் போனைச் சாய்த்து வைப்பேன். அந்தப் பக்கம் அவள் எதில் சாய்த்து வைத்தாளோ, எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் தலை வகிடும், ஒரு விளக்கும், பின்னால் மேலே ஒரு சின்ன ஜன்னலும்தான். அந்த ஜன்னல் வெளியே இருக்கும் தரை மட்டத்துக்கு இருந்ததால் நடந்து போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். பனி பெய்தால் அதுவும் மூடிப்போகும். நான் அப்போது தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாளே, "அம்மா, மெஷின் என் மண்டைக்குள்ள ஓடுது" என்றாள். மெஷினுக்குத் துணி போட்டு மூடினேன். எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அதை நாடா நாடாக வெட்டி வேனில் கொண்டுவந்து வீடுகளில் கொடுப்பார்கள். சுருட்டி உறை போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சத்தமே வராத வேலை. அதை வாங்கிக்கொண்டேன். வருமானம் குறைவுதான். ஆனால் அவளால் படிக்க முடிந்தது.

இப்படி அவள் அங்கே பக்கம் புரட்டுவாள், நான் இங்கே சுருட்டுவேன். ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தை இருக்காது. அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனால் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வந்து உட்கார்ந்தால் மறுபடி கை ஓடும்.

பக்கத்து வீட்டு அம்மாள் தெலுங்கு பேசுகிறவர். என்னை "வதினா" என்றுதான் கூப்பிடுவார், நம் மதினி மாதிரி. அவருக்கு இது பிடிபடவே இல்லை. ஒரு நாள் உள்ளே வந்து, போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏமி வதினா, நெட்டு போயிருச்சா? ரெண்டு பேரும் கொலு பொம்ம மாதிரி இருக்கீங்க!"

போனுக்குள்ளிருந்து மகள், "அத்தை, பேசாதீங்க. படிக்கேன்" என்றாள்.

"நான் எங்கம்மா பேசினேன்? கேட்டேன், அம்புட்டுத்தான். நீ படி." உட்கார்ந்து என்னோடு சேர்ந்து துணியைச் சுருட்டினார். கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. "படி, படி" என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, "குளுரா இருக்கா அங்க? பதில் சொல்லாத, படி. தலைய மட்டும் ஆட்டு" என்றார். மகள் தலையைக் குனிந்தபடியே ஆட்டினாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிந்தது. அன்று எனக்கு நன்றாக இருந்தது.

பரீட்சை அன்று மட்டும் நான் கூட இருக்க முடியாது. அவள் தன் அறையிலேயே கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். எங்கிருந்தோ ஒருவர் கேமரா வழியாகக் கண்காணிப்பார். அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வார். வேறு ஆள் இருக்கக் கூடாது, குரல் கேட்கக் கூடாது, போன் இருக்கக் கூடாது. "அப்பா பேரச் சொல்லிக் கூப்பிட்டு, கட்டிலுக்குக் கீழ காட்டுங்கன்னு சொன்னாரும்மா" என்று ஒரு தடவை சொன்னாள். பரீட்சை நாட்களில் ஊறுகாய் பாட்டில் மட்டும் என் எதிரே இருக்கும். வேலை ஓடாது. விளக்கைப் போடாமல் இருட்டும்வரை உட்கார்ந்திருப்பேன்.

நாலு பாடம் ஒவ்வொன்றாகத் தேறிவிட்டாள். அரசியல் சட்டம் மட்டும் நின்றது. இங்கே அவள் அதிக மதிப்பெண் வாங்கிய பாடம் அதுதான். முதல் தடவை போனதும், "எங்கட்டி தப்பு வந்துது?" என்று கேட்டேன்.

"இங்கத்த அரசியல் சட்டத்துல பாதி எழுதியே வைக்கலம்மா. வழக்கம்னு ஒண்ணு இருக்கு. எந்தப் புஸ்தகத்துலயும் சட்டமாப் போட்டிருக்காது. மீறுனாக் கோர்ட்டுல கேக்கவும் முடியாது. ஆனாப் பெரிய பதவில இருக்கவுகல்லாம் அதுக்குக் கட்டுப்பட்டுத்தான் நடக்காக. எங்க சட்டம் முடியுது, எங்க வழக்கம் ஆரம்பிக்குதுன்னு பிரிச்சு எழுதணும். அங்கதான் வழுக்குது."

"அது நமக்குத் தெரியாததா? நம்ம வீட்டுலயே இருக்கே" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஆமால்ல" என்றாள். பிறகு குனிந்துகொண்டாள்.

இரண்டாவது தடவையும் போய்விட்டது. மூன்று தடவைதான் எழுத விடுவார்களாம். அதற்கு மேல் மனுப் போட்டு அவர்கள் மனசு வைத்தால்தான் உண்டு என்றாள். விசா முடியும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு வக்கீல் ஆபீசில், சான்றிதழ் வந்தால் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். வராவிட்டால் அதுவும் இல்லை. ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

விஷயம் தெரிந்து, சேத்தூரில் இருக்கும் என் கொழுந்தனார் மோட்டார் சைக்கிளில் வந்தார். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பை மாங்காயை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மதினி, போதும். வரச் சொல்லுங்க. இங்க அங்கி போட்டு நின்ன பிள்ள அங்க காப்பி ஆத்திக்கிட்டு நிக்கா. ஊருல பாக்குதவன்லாம் என்னையத்தான் கேக்கான், ஒங்க அண்ணன் மக என்ன படிச்சிருக்கான்னு. நான் என்னன்னு சொல்ல?"

நான் போட்டுக் கொடுத்த காப்பியை ஆற்றிக் குடித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குப் பதில் வாய்வரை வந்தது. மாங்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"அவ சீனியரு இன்னும் எடம் வச்சிருக்காராமே. குமாஸ்தா சொன்னாரு" என்றார் போகும்போது.

அன்று சாயந்திரம் மகளிடம் அதை அப்படியே சொன்னேன். "வந்துருட்டி" என்றும் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை.

"வந்து?"

"சீனியர் எடம் வச்சிருக்காராம்."

"வாய்தா வாங்கவா?"

"நம்ம வீடு இருக்கு. நான் இருக்கேன்."

அவள் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னாள். "அம்மா, நீ இருக்கன்னுதான் இங்கயே உக்காந்திருக்கேன். நீயே வான்னு சொன்னா எனக்குப் படிக்க ஓடாது."

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. துணியைச் சுருட்டினேன். ஆனால் மனசுக்குள் அவள் அறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது, கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தியாகிவிட்டது, காலையில் எந்த பஸ்ஸுக்கு அவள் போவாள் என்பதுவரை யோசித்தாகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டு அம்மாள் என்னை அய்யனார் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோவிலை ஒட்டிய ஆற்றில் தண்ணீர் அதிகம் இல்லை. பாறைகளுக்கு நடுவில் கொஞ்சம் ஓடியது. "வதினா, பிள்ளைக்காக நல்லா வேண்டிக்கோங்க, பாஸாகணும்னு" என்றார். சன்னதி முன்னால் நின்றேன். பாஸாக வேண்டும் என்று கேட்டால் அவள் அங்கேயே இருந்துவிடுவாள். ஆகக் கூடாது என்று பெற்ற தாய் கேட்க முடியுமா? கும்பிட்டேன். ஒன்றும் கேட்காமல் திரும்பிவிட்டேன். "என்ன வேண்டினீங்க?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். "சொன்னாப் பலிக்காது" என்று சமாளித்தேன்.

மூன்றாவது தடவை எழுதினாள். முடிவு வர வாரக் கணக்கில் ஆனது. அந்த வாரங்களில் படிக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் காலையில் போன் போட்டுச் சாய்த்து வைத்துவிடுவாள். அவள் நகம் வெட்டுவாள், துணி மடிப்பாள், சும்மா மேலே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சுருட்டுவேன்.

ஒரு திங்கட்கிழமை, வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே போன் அடித்தது. முகம் முழுசாகத் தெரிந்தது. தலை வாரவில்லை.

"அம்மா, வந்துருச்சு."

எனக்கு எது வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. அவள் முகத்திலேயே இருந்தது.

"பாஸா?"

"பாஸு. அஞ்சும் முடிஞ்சுதும்மா. இனி பயிற்சி, பொறவு ஒரு பரீட்சை. ஆனா அது இங்க பொறந்து வளந்த பிள்ளைகளும் எழுதுததுதான். இனிமே நான் வெளியூர்ப் படிப்புக்காரி இல்ல." சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். என் அழுகை எதற்கு என்று அவளுக்குப் பிரித்துத் தெரிந்திருக்காது. எனக்கும் தெரியவில்லை.

"அப்பா இருந்திருந்தா?" என்றாள்.

"தெருவெல்லாம் சொல்லிட்டு வந்திருப்பாரு" என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மளமளவென்று பேசினாள். முடிவு வந்த மறுநாளே வந்து சேரலாம் என்று அந்த வக்கீல் ஆபீசில் முன்பே சொல்லியிருந்தார்களாம். இரண்டு ரயில் மாறிப் போக வேண்டும், காலையில் இருட்டோடு கிளம்ப வேண்டும் என்றாள். ராத்திரி வரும்போது எனக்கு விடிந்து வேலை நேரமாக இருக்கும். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, "இனிமே நீ உக்கார வேண்டாம்மா" என்றாள். "எம்புட்டு நாளு எனக்காக வாயக் கட்டிப் போட்டு உக்காந்திருந்த. பாவம் நீ. இனி மெஷின ஓட்டு. டி.வி. பாரு. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம பேசுவோம், என்ன?"

"சரிம்மா."

"சந்தோஷந்தான?"

"இது என்னட்டி கேள்வி? போ, போய்ச் சாப்பிடு."

அவளுக்குக் காப்பிக் கடையில் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டு வர வேண்டியிருந்தது. போனை வைத்துவிட்டாள்.

நான் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அந்த அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கி, வாயில் சர்க்கரையைப் போட்டு, "நீங்க வேண்டினது பலிச்சிருச்சு வதினா!" என்றார். கொழுந்தனாருக்குப் போன் போட்டேன். "அப்ப வர மாட்டாளா?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, "நல்லது மதினி, நல்லது. அண்ணன் பேரு வெளிநாட்டுல நிக்குது" என்றார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். மகள் அங்கே படிக்கிற நேரம்தான் அது. கை தன்னாலேயே போனை எடுத்து ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து வைத்தது. திரை கறுப்பாக இருந்தது. அதில் என் முகம் கொஞ்சம் தெரிந்தது. சத்தம் போடக் கூடாது என்று சொல்ல யாரும் இல்லை. எழுந்து மெஷினின் மூடித் துணியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி போர்த்தினேன். சுவரில் அவள் அப்பா படம் இருக்கிறது, ராணுவ உடையில். நடந்ததை அவருக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. "இங்கேருங்க" என்றேன். அது மட்டும் போதவில்லை. அங்கே முகம் தெரியாத எத்தனையோ பேர் வாயில் தினமும் வருகிற பெயர், இந்த வீட்டில் ஒரு தடவைகூட என் வாயில் வரவில்லை.

சொன்னேன். மூன்றாவது தடவை. நோட்டரி அறையில் சொன்னதைவிடக் கொஞ்சம் சத்தமாகவே வந்தது. பிள்ளை தேறிவிட்டாள், இனி வர மாட்டாள் என்றேன். விளக்கைப் போட்டேன்.

மறுநாள் காலையில் வேன் வந்தது. சுருட்டி வைத்திருந்ததைக் கொடுத்துவிட்டு, புதுத் துணி வாங்கி வைத்தேன்.